திருநீறும் சிந்தாமணியும்



ஃப்ரீமான்ட்டில் வளரும் நம் குழந்தைகள் வார நாள்களில் வகுப்பறையில் உயிர்களின் பரிணாமத்தைப் பயில்கின்றனர். விடுமுறை நாளில் லிவர்மோர் கோயிலில் கைகூப்பி நிற்கின்றனர். "இவற்றுள் எதை நம்புவது?" என்ற வினா அவர்கள் உள்ளத்தே எழுவது இயல்பே. அவ்வினாவை இங்கு நாம் தீர்த்து வைக்கப் போவதில்லை. அதே இழுபறியின் நடுவே வாழ்ந்த தமிழறிஞர் ஒருவரைப் பற்றி இப்பாடத்தில் காண்போம்.

உத்தமதானபுரத்தைச் சார்ந்த, 1855-இல் பிறந்த உ.வே. சாமிநாதையர் திருநீறணிந்த சைவர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் திருவாவடுதுறை ஆதீனத்திலும் தமிழ் கற்றவர். அந்த ஆதீனத்தைச் சார்ந்த சுவாமிநாத தேசிகர் என்னும் பெரும்புலவர் முற்காலத்தில் 'இலக்கணக்கொத்து' என்ற நூலை இயற்றினார். சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை, பத்துப்பாட்டு, எட்டுத்தொகை ஆகியவற்றைப் பொருட்டாக எண்ணிப் படிப்போர் தம் வாழ்நாளை வீணாக்குகின்றனர் என்பது அவர் துணிபு. கல்லாதவர் ஒருவர் இவ்வாறு கூறியிருந்தால் நாம் வியப்படைய மாட்டோம். அவரோ இலக்கணக் கடல்! சமயப் பற்று அத்தகையவர் கண்ணையும் மறைத்தது.

1880-ஆம் ஆண்டு சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியரானார். அவ்வாண்டு அக்டோபரில் அவ்வூர் முன்சீப் சேலம் இராமசாமி முதலியாரைக் கண்டார். முதலியார் அவர் பயின்ற நூல்களை வினவினார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், புராணம் என ஐயர் அடுக்கிய நீண்ட பட்டியலைக் கேட்டும் முதலியார் மகிழவில்லை. "சிந்தாமணி படித்ததுண்டா?" என்பதே அவர் கேட்க விரும்பியது. ஐயர் படித்ததில்லை.

திருத்தக்கதேவர் இயற்றிய சீவக சிந்தாமணி சமணக் காப்பியம். நச்சினார்க்கினியர் உரையைத் துணைகொண்டும் அதன் சமயச் செய்திகள் ஐயருக்கு விளங்கவில்லை. என் செய்தார்? கும்பகோணத்திலேயே வாழ்ந்த சமணர்களின் இல்லந்தேடிச் சென்றார். அங்கே அந்நூலைப் புனித நூலாகப் போற்றிப் பல மாதங்கள் தொடர்ந்து படித்து வந்தனர். நூலின் பொருளைக் கேட்க வந்த சைவரை அவர்கள் விலக்கவில்லை. வந்தவரும் தம் சமயத்தை உயர்த்தி வாதம் செய்யவில்லை. மாணவராய் அமர்ந்து கேட்டார். இதனை நாம் எளிய செயலாகக் கருதவில்லை. சைவராயிருந்து சமண நூலை அச்சிடலாமோ என்று குறைகூறியோரும் அக்காலத்தில் இருந்தனர். 1887-இல் நூல் வெளிவந்தது. இரண்டாண்டு கழித்துப் பத்துப்பாட்டும் வெளிவந்தது. அதற்கு உதவிய ஏடுகளுள் திருவாவடுதுறை மடத்து ஏடும் ஒன்று! தேசிகர் வீண் என்று தள்ளிய நூலை அவர் சார்ந்த மடமே காத்து வைத்திருந்தது.

1898-இல் வெளிவந்த மணிமேகலையின் வரலாறு இதனினும் சுவையானது. தமிழ்நாட்டில் பௌத்தம் விளக்குவார் இல்லை. கல்லூரியில் உடனிருந்த மளூர் ரங்காசாரியார் ஆங்கிலத்திலுள்ள பௌத்த நூல்களைப் படித்து ஐயருக்குப் பொருள் கூறினார். வைணவர் சொல்ல, சைவர் கேட்க, புத்தர் பெருமான் அறம் துலங்கிற்று. பிள்ளைகளே, நும் தாய்தந்தையர் இக்கதையை அறிவாரா என்று வினவிப் பாருங்கள்.

எல்லா இடத்திலும் இவ்வாறு நிகழவில்லை. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பழஞ்சுவடிகள் இருப்பதாகக் கேள்வியுற்று ஐயர் அங்குச் சென்றார். பழுதான ஏடுகளைக் கண்டபடி எறியலாகாது, நெய்யில் தோய்த்து வேள்வித் தீயில் இடவேண்டும் என்பது சாத்திரமாம். அவ்வாறே இட்டுவிட்டதாக அங்கிருந்தோர் கூறினர். அவர்கள் தீயவர் அல்லர். ஏட்டை அவமதிக்கலாகாது என்ற பக்தியாலேயே அதனை எரித்தனர். அத்தீயில் எந்தெந்த நூல்கள் அழிந்தன என்பதை இனி யாரும் சொல்ல இயலாது.

ஐயர் இறுதிவரை சிவபக்தராகவே விளங்கினார். தலபுராணங்கள் பலவற்றையும் பதிப்பித்தார். 1942-இல் மறைந்தார். ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றாகிய வளையாபதியின் ஏட்டை மாணவப் பருவத்தில் திருவாவடுதுறையில் தாம் கண்டதுண்டு என்றும், அன்று அத்தகைய நூல்களில் தமக்குப் பற்றில்லை என்றும் அவர் எழுதியுள்ளார். பிற்காலத்தில் அதனைத் தேடினார், கிடைக்கவில்லை. அச்சமணக் காப்பியத்தில் இன்று எஞ்சியிருப்பவை எழுபது பாடல்கள் அளவே.