எழுத்துக் கூட்டும் பிள்ளையின் பக்கத்தில்

"எம் புள்ள இன்னும் எழுத்துக் கூட்டிக் கூட்டித்தான் டீச்சர் படிக்கிது." பள்ளி திறந்ததும் பெற்றோர் வந்து சொல்லும் குறைகளில் இதுதான் முதலில் நிற்கும். புதுக்கோட்டை மாவட்டத்து ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளிகளில், ஒன்றாம் வகுப்பிலிருந்து மூன்றாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளோடுதான் என் வேலைக்காலம் பெரும்பாலும் போயிற்று. எழுத்துக் கூட்டுவதை நினைத்து யாரும் கவலைப்பட வேண்டாம் என்றே அவர்களுக்குச் சொல்வேன். எல்லாப் பிள்ளையும் அந்த வழியாகத்தான் வரும். கூட்டிய எழுத்து சொல்லாகி, சொல்லின் பொருள் பிள்ளைக்குப் புரிந்ததா என்று கவனிக்க, பக்கத்தில் ஒரு பெரியவர் பொறுமையாக உட்கார்ந்திருக்கிறாரா? நான் கவலைப்படுவது அதற்காகத்தான்.

முதலில், வாசிப்பதுபோலத் தெரியும் ஒன்றைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஒன்றாம் வகுப்பில் பல பிள்ளைகள் சில மாதங்களிலேயே பாடப்புத்தகத்தைக் கடகடவென்று படிப்பார்கள். வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. அதே பக்கத்தின் நடுவிலிருக்கும் ஒரு சொல்லை விரலால் தொட்டு "இது என்னடா?" என்று கேட்டால், பிள்ளை முதல் வரியிலிருந்து மனதுக்குள் சொல்லிக்கொண்டே வந்து அந்தச் சொல்லைப் பிடிக்கும். வகுப்பில் எல்லோரும் சேர்ந்து சொல்லிச் சொல்லிப் பக்கம் மனப்பாடமாகிவிட்டது என்று அர்த்தம். இதற்காகத் திட்டாதீர்கள். அச்சில் இருப்பது எத்தனை முறை படித்தாலும் ஒன்றையேதான் சொல்லும் என்று பிள்ளை கண்டுகொண்டுவிட்டது. அது பெரிய விஷயம். ஆனால் மகிழ்ந்து அங்கேயே நின்றுவிடவும் கூடாது. பிள்ளைக்குத் தெரிந்த அதே சொற்கள் வேறு வரிசையில் வரும் புதிய வாக்கியங்களைத் தாளில் எழுதிக் கொடுத்தால், எது வாசிப்பு, எது ஒப்பிப்பு என்று தெரிந்துவிடும்.

தமிழ்ப் பிள்ளைக்கு வாசிப்பில் வரும் பெரிய சிரமம் 247 எழுத்து என்று பலர் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் அதைவிடப் பெரிய சிரமம், வீட்டில் பேசும் தமிழுக்கும் புத்தகத்தில் இருக்கும் தமிழுக்கும் உள்ள தூரம். இரண்டாம் வகுப்பில் ஒரு சிறுமி இருந்தாள். "குருவிகள் மரத்திலிருந்து பறந்து சென்றன" என்று கரும்பலகையில் எழுதி வாசிக்கச் சொன்னேன். ஒவ்வொரு சொல்லின்மீதும் விரலை நகர்த்திக்கொண்டே, "குருவிங்க மரத்துலேருந்து பறந்து போயிருச்சுங்க" என்றாள். பக்கத்தில் இருந்த பிள்ளைகள் "டீச்சர், தப்பு தப்பு!" என்று கூச்சல் போட்டார்கள். நான் அவளைத் தட்டிக்கொடுத்தேன். கண் எழுத்தைப் பிடித்திருக்கிறது, மனம் பொருளைப் பிடித்திருக்கிறது, வாய் அதைத் தன் வீட்டு மொழியில் சொல்லியிருக்கிறது. அன்று அந்த வகுப்பில் மிக நன்றாக வாசித்தவள் அவள்தான்.

அதே வாக்கியத்தை "சென்-ற-ன" என்று ஓர் எழுத்து பிசகாமல் உச்சரித்த பையனிடம் "யாருப்பா போனது?" என்று கேட்டேன். அவன் கரும்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான். உதவி தேவைப்பட்டது அவனுக்குத்தான். ஆனால் யாராவது பார்வையிட வந்தால் "வெரிகுட்" வாங்குவது அவன். திருத்தம் வாங்குவது அவள். பல பள்ளிகளில், பல வீடுகளில் இப்படித்தான் நடக்கிறது. பிழையில்லாத உச்சரிப்பை மட்டும் கேட்கும் காதுக்குப் புரிதல் கேட்பதில்லை. வாசிப்பு என்றாலே வாயைத் திறக்கப் பயப்படும் பிள்ளைகளை நாமே இப்படித்தான் உருவாக்கிவிடுகிறோம்.

வீட்டில் இப்படி நடந்தால் செய்ய வேண்டியது எளிது. வாக்கியம் முடியும்வரை குறுக்கே பேசாதீர்கள். முடிந்ததும், "ஆமா, பறந்து போயிருச்சு. புத்தகத்துல எப்படிப் போட்டிருக்கு, பாப்போமா?" என்று சொல்லி, விரலை வைத்து நீங்கள் ஒரு முறை உள்ளபடி வாசியுங்கள். அதைத் திருப்பிச் சொல்லச் சொல்ல வேண்டியதில்லை. 'சென்றன' என்பது 'போயிருச்சு'தான் என்று பிள்ளையின் காதில் விழுந்துவிட்டது. போதும்.

அந்தத் தூரத்தைக் கடக்கப் பிள்ளைக்கு வேண்டியது, புத்தகத் தமிழைக் காதால் நிறையக் கேட்பது. 'கூறினான்', 'ஆகவே', 'எவ்வாறு' போன்ற சொற்களைக் கண் சந்திப்பதற்கு முன்பே காது சந்தித்திருக்க வேண்டும். அதனால்தான் தினமும் பிள்ளைக்கு வாசித்துக் காட்டுங்கள் என்று ஓயாமல் சொல்கிறேன். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம் போதும். எதிரே உட்கார வேண்டாம்; எழுத்து பிள்ளைக்குத் தலைகீழாகத் தெரியும். பக்கத்தில் உட்காருங்கள், அல்லது மடியில் வைத்துக்கொள்ளுங்கள். வரிக்கு அடியில் விரல் ஓடட்டும். ஒரே கதையை வாரம் முழுக்கக் கேட்டால் முகம் சுளிக்காமல் வாசியுங்கள். ஒவ்வொரு முறையும் பிள்ளை வேறு எதையோ அதிலிருந்து எடுத்துக்கொள்கிறது. கதை முடிந்ததும் தேர்வு வைக்காதீர்கள். நடுவில் ஓரிடத்தில் நிறுத்தி "இப்ப அந்த நரி என்ன பண்ணும்னு நினைக்கிறே?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். சரியாகச் சொன்னாலும் தப்பாகச் சொன்னாலும், பிள்ளையே அடுத்த பக்கத்தைப் புரட்டச் சொல்லி அவசரப்படுத்தும்.

"எங்களுக்கே சரியா வாசிக்க வராதே டீச்சர்" என்று சொல்லும் தாய்மார்கள் உண்டு. அவர்களுக்கு நான் சொல்வது இது. எங்கள் மாவட்டத்தில் 1991-ல் அறிவொளி இயக்கம் வந்தபோது வயல்வேலையும் கல்குவாரி வேலையும் முடித்துவிட்டு, ராத்திரியில் விளக்கடியில் உட்கார்ந்து எழுத்துக் கற்ற பெண்கள் ஆயிரக்கணக்கானோர். அவர்கள் இன்று பாட்டிகள். அப்படி ஒரு பாட்டி எங்கள் பள்ளிக்குப் பக்கத்து வீட்டில் இருந்தார். பேரனும் அவரும் ஒரே வேகத்தில் எழுத்துக் கூட்டுவார்கள். அவனுக்கு ஒரு சொல் பிடிபடாவிட்டால் "எனக்கும் தெரியலடா, பாப்போம் இரு" என்பார். அந்தப் பையன் வகுப்பில் கூச்சமே இல்லாமல் சத்தமாக வாசிப்பான். வாசிக்கவே தெரியாத பெற்றோரும் படத்தைப் பார்த்துக் கதை சொல்லலாம், பிள்ளை வாசிப்பதைக் கேட்டு "அப்புறம்?" என்று கேட்கலாம்.

இனி எழுத்துக்கு வருவோம். அ, ஆ என்று வரிசையாக முழுதும் முடித்துவிட்டுத்தான் சொல்லுக்குப் போக வேண்டும் என்றால் பிள்ளை சலித்துவிடும். ட, ப, ம என்று எளிய வடிவங்களில் தொடங்கிப் புள்ளி வைக்கவும் சொல்லிக்கொடுத்தால், முதல் வாரத்திலேயே படம், மடம், பட்டம், மட்டம் எல்லாம் வந்துவிடும். "நான் வாசிச்சுட்டேன்" என்கிற நினைப்பு அவ்வளவு சீக்கிரம் வர வேண்டும். அடுத்து ஒரு துணைக்கால் சேர்ந்தால் படம் பாடமாகிவிடுகிறது, பட்டு பாட்டாகிவிடுகிறது. கல்–கால், தடி–தாடி, விடு–வீடு, முடி–மூடி, கொடு–கோடு என்று இணை இணையாக அட்டையில் எழுதிப் போட்டு, நான் சொல்வதை ஓடிப்போய் எடுக்கச் சொல்வேன். குறில் நெடில் என்ற இலக்கணப் பெயர் அப்போது தேவையில்லை. 'முடியை மூடு' என்றால் சிரிப்பார்கள், சிரித்தால் மறக்காது.

ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் தனியாகக் கவனிக்க வேண்டிய இடம். 'கெ' என்ற எழுத்தில் கொம்பு முன்னால் நிற்கிறது. ஒலியில் அந்த 'எ' பின்னால்தான் வருகிறது. 'கொ' வந்தால் இரண்டு பக்கமும் குறி. இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகக் கூட்டிப் பழகிய பிள்ளை இங்கே தடுக்கி விழுவதில் வியப்பில்லை. கொம்பையும் எழுத்தையும் துணைக்காலையும் ஒரே வண்ணத்தில் வட்டமிட்டுக் காட்டி, 'இவை மூன்றும் சேர்ந்து ஒரே ஆள்' என்று சொல்லித்தருவேன். 'கொ'வில் கடைசியாக நிற்கும் துணைக்காலை 'ர' என்று வாசிக்கும் பிள்ளைகளும் உண்டு. எழுதும்போது 'ர'வின் அடியில் வரும் சாய்கோட்டை அழுத்திப் போட்டுக் காட்டினால் தெளிந்துவிடும். ல, ள, ழ வேறுபாட்டுக்கும் ர, ற வேறுபாட்டுக்கும் வாசிப்பை நிறுத்தாதீர்கள். அவை நிறைய வாசித்த கண்ணுக்குத் தானாகப் படியும் விஷயங்கள். எழுத்துப்பிழைக்கு நேரம் பின்னால் இருக்கிறது.

பாடப்புத்தகத்தைக் கண்டாலே முகம் திருப்பிக்கொள்ளும் பிள்ளைகளிடம் ஒரு வழி எனக்கு எப்போதும் கைகொடுத்திருக்கிறது. மூன்றாம் வகுப்புக்கு வந்தும் ஒரு வரி வாசிக்காத பையன் ஒருவன். ஒரு திங்கட்கிழமை தாமதமாக வந்தான். ஏன் என்று கேட்டேன். "எங்க ஆடு குட்டி போட்டுச்சு டீச்சர். ரெண்டு குட்டி. ஒண்ணு கறுப்பு. எங்கப்பா ராவெல்லாம் தூங்கல" என்றான். அவன் சொன்னபடியே, ஓர் எழுத்தும் மாற்றாமல், ஒரு சார்ட்டில் பெரிதாக எழுதினேன். "இது யார் கதை?" என்றதும் முன்னால் வந்து நின்றான். தான் சொன்னது என்பதால் அடுத்து என்ன வரும் என்று அவனுக்குத் தெரியும். எழுத்தைப் பார்த்துச் சரிபார்த்துக்கொண்டே போனான். அந்த வாரம் முழுக்க வந்தவர் போனவருக்கெல்லாம் அதை வாசித்துக் காட்டினான். பிறகு 'ஆடு', 'குட்டி', 'கறுப்பு' மூன்றையும் வேறு கதைகளில் தேடிக் கண்டுபிடித்தான். பேச்சுத்தமிழில் எழுதலாமா என்று கேட்கும் ஆசிரியர்களுக்கு என் பதில்: முதல் முறை அப்படியே எழுதுங்கள். சில நாள் கழித்து, அதன் கீழேயே "எங்கள் ஆடு குட்டி போட்டது" என்று எழுதி இரண்டையும் சேர்த்துக் காட்டுங்கள். இதை வீட்டிலும் செய்யலாம். பழைய நோட்டும் பேனாவும் இருந்தால் போதும்.

பள்ளி நூலகம் பற்றி மனம் விட்டுப் பேச வேண்டும். பிள்ளைகளுக்கான புத்தகங்கள் பல பள்ளிகளுக்கு வந்து சேர்கின்றன. வந்ததும் பதிவேட்டில் ஏறி பீரோவுக்குள் போய்விடுகின்றன. கிழிந்தால் யார் பதில் சொல்வது என்ற பயம். புத்தகம் கிழிவது அதைப் பிள்ளைகள் தொட்டிருக்கிறார்கள் என்பதற்கு அடையாளம். பசை தடவி ஒட்டிக்கொள்ளலாம். வகுப்பறையின் ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்குப் பிள்ளைகள் கைக்கு எட்டும் உயரத்தில் கொடி கட்டி, புத்தகங்களை நடுவில் விரித்துத் தொங்கவிடுங்கள். அட்டைப்படம் தெரிந்தால்தான் கை நீளும். வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் கணக்கை ஒரு நோட்டில் பிள்ளைகளையே எழுதச் சொல்லுங்கள். புத்தகத்தின் பெயரைப் பார்த்து எழுதுவதே ஒரு வாசிப்பு. தமிழ்நாடு அரசு 2022-ல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலை பார்த்துப் பிரிப்பதும், அடுத்து வந்த வாசிப்பு இயக்கத்தின் சிறு நூல்கள் நுழை, நட, ஓடு, பற என்று படிப்படியாக இருப்பதும் எனக்குப் பிடித்த ஏற்பாடுகள். எந்த வகுப்பில் இருக்கிறான் என்பதைவிட, இன்று எங்கே நிற்கிறான் என்று பார்த்துப் புத்தகம் தர அவை வழிசெய்கின்றன. அந்த நூல்களும் பீரோவுக்குள் போகாமல் பார்த்துக்கொள்வது நம் கையில்தான் இருக்கிறது.

புத்தகம் வாங்க வசதியில்லாத வீட்டிலும் அச்சு இருக்கிறது. கல்யாணப் பத்திரிகையில் மாமன்மார் பெயர்களைத் தேடச் சொல்லுங்கள். பேருந்தில் ஊர்ப் பெயர், ரேஷன் கடைப் பலகை, விதை பாக்கெட், வடை மடித்து வந்த தாள், திருவிழா நோட்டீஸ் எல்லாமே வாசிப்புதான். கைப்பேசி இருந்தால் பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாக, நிலை வாரியாகக் கிடைக்கின்றன. கைப்பேசியைக் கையில் கொடுத்துவிட்டுப் போகாமல் கூட உட்கார்ந்து வாசியுங்கள்.

பிள்ளை ஒரு சொல்லில் நின்றுவிட்டால் உடனே எடுத்துக்கொடுக்காதீர்கள். மனதுக்குள் மெதுவாக ஐந்து எண்ணுங்கள். பெரும்பாலும் மூன்றிலேயே சொல் வந்துவிடும். வராவிட்டால் முதல் எழுத்தை மட்டும் சொல்லுங்கள், அல்லது படத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கும் வராவிட்டால் சொல்லையே கொடுத்துவிட்டு மேலே போங்கள். கதை அறுபடக் கூடாது. அண்ணனோடும் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடும் ஒப்பிட்டுப் பேசுவதை வீட்டுக்குள் நுழையவே விடாதீர்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு பிள்ளை தேங்கி நின்றால் முதலில் கண்ணைப் பாருங்கள். புத்தகத்தை மூக்குக்கு அருகே கொண்டுபோகிறதா, பலகையைப் பார்க்காமல் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதுகிறதா என்று கவனியுங்கள். சோம்பேறி என்று பெயர் வாங்கிய பிள்ளைகள் கண்ணாடி போட்டதும் வாசித்ததைப் பார்த்திருக்கிறேன். காதையும் சோதிக்க வேண்டும். இரண்டும் சரியாக இருந்து, வாயால் அழகாகக் கதை சொல்லும் பிள்ளை அச்சில் மட்டும் திணறினால், அது டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புச் சிரமமாக இருக்கலாம். அது அறிவுக் குறைவு அல்ல. தகுந்தவரிடம் காட்டி, அதற்கென்று உள்ள முறையில் சொல்லிக்கொடுத்தால் முன்னேறுவார்கள். அடிப்பதாலும் பத்து முறை எழுதச் சொல்வதாலும் அது சரியாகாது.

ஐந்தாம் வகுப்பு வந்தும் வாசிக்கத் தெரியாத பிள்ளைகளை நினைத்தால்தான் எனக்கு அதிகம் வலிக்கும். தங்களை மறைத்துக்கொள்வதில் அவர்கள் கெட்டிக்காரர்கள்: சத்தமாக வாசிக்கச் சொன்னால் தலைவலிக்கும், தண்ணீர் குடிக்கப் போக வேண்டியிருக்கும். அவர்கள் கையில் 'அணில், ஆடு' புத்தகத்தைக் கொடுத்தால் அவமானமாகிவிடும். அதனால் அவர்களுக்கு ஒரு வேலை கொடுப்பேன்: வெள்ளிக்கிழமை மதியம் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு கதை வாசித்துக் காட்டுவது. அதற்குத் தயாராக வாரம் முழுக்க, யாரும் பார்க்காத இடத்தில், என்னோடு உட்கார்ந்து அந்தச் சின்னப் புத்தகத்தைப் பழகலாம். சின்னப் புத்தகம் ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள், அது சின்னப் பிள்ளைகளுக்கு. வெள்ளிக்கிழமை ஒன்றாம் வகுப்புக்குள் போனதும் பொடிசுகள் "அண்ணே, இன்னொரு கதை!" என்று சட்டையைப் பிடித்து இழுக்கும். அடுத்த வாரத்துக்கான புத்தகத்தை அவர்களே கொடியிலிருந்து எடுத்துக்கொள்வார்கள். தேர்ந்தெடுப்பதில் நான் தலையிடுவதில்லை. கொஞ்சம் கடினமானதை எடுத்தால், உட்கார்ந்து பழகும் நேரத்தைக் கொஞ்சம் கூட்டிக்கொள்வோம்.