களரியிலிருந்து அரங்கிற்கு

நுழையுமுன்

போர்க்கலை, நடனம், நாடகம் ஆகியவை தனித்தனிக் கலைகளாகத் தோன்றும். ஆயினும், மூன்றுக்கும் கருவி ஒன்றே. அது மனித உடல். அக்கருவியைப் பழக்கி இக்கலைகளை இணைத்தவர்களைப் பற்றி இப்பாடத்தில் அறிவோம்.

ஒரு சொல், இரு களங்கள்

கம்பு கொண்டு பொருதும் கலையைத் தமிழர் சிலம்பாட்டம் என்பர். சதங்கை கட்டி ஆடுவதும் ஆட்டமே. களரி என்னும் சொல்லும் இத்தகையது. கேரளத்தில் அது போர்க்கலை பயிலும் இடத்தைக் குறிக்கிறது. இலங்கையின் மட்டக்களப்பிலோ, கூத்து ஆடும் வட்டமான அரங்கை வட்டக்களரி என்பர். பொருதும் களத்திற்கும் ஆடும் களத்திற்கும் ஒரே சொல் வழங்குவது, அவ்விரண்டிற்கும் உள்ள உறவை உணர்த்துகிறது.

உடலைப் பழக்குதல்

மரபான களரி, நிலமட்டத்திற்குக் கீழே தோண்டி அமைக்கப்படும். அதன் நீளம் 42 அடி. அகலம் 21 அடி. வாயில் கிழக்கு நோக்கியிருக்கும். தென்மேற்கு மூலையில் ஏழு படிகள் கொண்ட பூத்தறை என்னும் வழிபாட்டு மேடை இருக்கும்.

களரியில் நுழையும் மாணவர் உடனே வாளைத் தொடுவதில்லை. முதற்படி, உடலை வளைத்தும் தாழ்த்தியும் நிமிர்த்தியும் பழக்கும் மெய்த்தாரி. அதன்பின் கோல்த்தாரியில் கம்பும், அங்கத்தாரியில் வாள் முதலிய உலோக ஆயுதங்களும் கற்பிக்கப்படும். இறுதியாக வருவது வெறுங்கைப் பயிற்சி. யானை, சிங்கம், குதிரை, பாம்பு, மயில் முதலியவற்றின் இயல்பைப் பின்பற்றிய நிலைகளும் உண்டு. அவற்றை வடிவுகள் என்பர்.

இனி, பரதநாட்டியத்தின் அரைமண்டியை நினைத்துப் பாருங்கள். முழங்கால்கள் பக்கவாட்டில் மடிய, முதுகு நிமிர்ந்து நிற்கும். களரியின் தாழ்ந்த நிலைகளைப் போலவே இதுவும் தொடைக்கும் இடுப்புக்கும் வலிமை கேட்பது. கதகளி மாணவர்க்கு மழைக்காலத்தில் எண்ணெய் பூசி, ஆசான் காலால் மிதித்து உடலை இளக்குவார். களரியிலும் இவ்வழக்கம் உண்டு.

சந்திரலேகா எழுப்பிய வினா

இவ்வுறவை மேடையில் நிலைநாட்டியவர் சந்திரலேகா. இவர் 1928-ஆம் ஆண்டு மகாராட்டிரத்தில், குஜராத்திக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். சட்டப் படிப்பை விடுத்துச் சென்னைக்கு வந்து, காஞ்சிபுரம் எல்லப்ப பிள்ளையிடம் நடனம் பயின்றார்.

1952-ஆம் ஆண்டில் அவரது அரங்கேற்றம் நடைபெற்றது. அது, இராயலசீமையின் வறட்சித் துயர்துடைப்புக்கு நிதி திரட்டும் நிகழ்ச்சி. யமுனையில் பெண்கள் நீராடி மகிழும் காட்சியை அவர் ஆடிக்கொண்டிருந்தார். அப்போது, நீரின்றி வெடித்துக் கிடந்த நிலத்தின் நினைவு அவர் உள்ளத்தில் எழுந்தது. கைகள் நீர்ப்பெருக்கைக் காட்டின. வெளியிலோ மக்கள் குடிநீருக்கு வாடினர். கலைக்கும் வாழ்க்கைக்கும் இடையே இத்தனை இடைவெளி ஏன் என்னும் வினா அன்று முதல் அவரை விடவில்லை.

புகழ் வந்தபோதும் அவர் அதே வழியில் தொடர்ந்து செல்லவில்லை. பல ஆண்டுகள் மேடையை விட்டு விலகி எழுத்திலும் சுவரொட்டி வடிவமைப்பிலும் பெண்கள் இயக்கத்திலும் ஈடுபட்டார். 1985-ஆம் ஆண்டில் அங்கிகா என்னும் படைப்பை வழங்கினார். அதில் பரதநாட்டியமும் களரிப்பயற்றும் யோகமும் ஒரே மேடையில் இணைந்தன. நகைகளும் பட்டாடையும் பின்னே சென்றன. உடலின் ஆற்றல் முன்னே வந்தது. பார்ப்போரை வியப்பில் ஆழ்த்துவதற்காக அவர் சண்டைக்காட்சியைச் சேர்க்கவில்லை. நடனத்தின் வேர், உழைக்கும் உடலிலும் பொருதும் உடலிலும் உள்ளது என்பதே அவர் கருத்து.

2001-ஆம் ஆண்டில் வெளிவந்த சரீரா, அவரது இறுதிப் படைப்பு. அதில் களரிக் கலைஞர் ஷாஜி ஜானும் கவிஞர் திஷானி தோஷியும் ஆடினர். திஷானி, தம் இருபதுகளின் பிற்பகுதியில்தான் சந்திரலேகாவிடம் வந்து சேர்ந்தவர். சங்கீத நாடக அகாதெமியின் உயரிய சிறப்பை 2004-இல் பெற்ற சந்திரலேகா, 2006-ஆம் ஆண்டு டிசம்பரில் மறைந்தார்.

நடனத்திலிருந்து களரிக்கு

வடகரையைச் சேர்ந்த மீனாட்சி அம்மா எதிர்த்திசையில் சென்றவர். நடனத்தில் ஆர்வம் காட்டிய அவரைத் தந்தை, ஏழாம் வயதில் களரிக்கு அழைத்துச் சென்றார். நடனத்திற்குத் துணையாகத் தொடங்கிய பயிற்சியே அவர் வாழ்க்கையாயிற்று. கணவர் இராகவன் ஆசானின் மறைவுக்குப் பின் களரியின் பொறுப்பை ஏற்றார். அங்குப் பயிற்சிக்குக் கட்டணம் இல்லை. மாணவர் விரும்பி அளிக்கும் குருதட்சிணை மட்டுமே. 2017-ஆம் ஆண்டில் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

போட்டியும் மேடையும்

இன்று இக்கலைகளுக்குப் போட்டிக் களமும் உண்டு. 2022 ஜூன் மாதத்தில் அரியானாவில் நடைபெற்ற கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளில் களரிப்பயற்று இடம்பெற்றது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் அவ்விளையாட்டுகள் நடைபெற்றபோது, சிலம்பம் காட்சி விளையாட்டாகச் சேர்க்கப்பட்டது. விளையாட்டு வீரர்களுக்கான 3 விழுக்காட்டு வேலைவாய்ப்பு ஒதுக்கீட்டில், தமிழ்நாடு அரசு 2021-ஆம் ஆண்டில் சிலம்பத்தையும் சேர்த்தது.

போட்டியில், எதிராளியின் உடலைக் கம்பால் தொட்டவர் புள்ளி பெறுவார். மேடையிலோ, வீசும் கம்பு உடன் ஆடுபவர்மேல் படாமல் நிற்க வேண்டும். ஆனால் பட்டதுபோல் பார்ப்போர் உணர வேண்டும். போட்டியில் எதிரே நிற்பவர் எதிராளி. மேடையில் அவரே துணைவர். இரண்டு களங்களிலும் நிற்க விரும்புபவர், வீசக் கற்பதோடு நிறுத்தவும் கற்க வேண்டும்.

இதனை வாழ்க்கைத்தொழிலாகக் கொள்வது எளிதன்று. நிகழ்ச்சி இல்லாத மாதங்களில் வருவாய் குறையும். ஒரு சுளுக்கு, பல வாரப் பயிற்சியைத் தடுத்துவிடும். எனவே, கலைஞர் பலர் கற்பித்தலையும் துணைத்தொழிலாகக் கொள்கின்றனர். பள்ளிக் கல்வியைக் கைவிடாமல் பயில்வதே அறிவுடைமை.

வண்டிப்பெரியாற்றில் வாழும் நமக்கு இவை தொலைவில் இல்லை. அருகிலுள்ள குமுளியில், சுற்றுலாப் பயணிகளுக்காக மாலைதோறும் களரிப்பயற்றும் கதகளியும் நிகழ்த்தப்படுகின்றன. மலைக்கு அப்பாலுள்ள கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து திருவிழாக்களின் சிலம்பமும் நம் முன்னோருடன் வந்திருக்கும். மேற்கிந்தியாவில் பிறந்த ஒருவர், தமிழகத்தின் நடனத்தையும் கேரளத்தின் போர்க்கலையும் தமதாக்கிக்கொண்டார். இரு மொழிகளுக்கு நடுவே வளரும் நமக்கு, இரண்டும் பிறப்பிலேயே அருகில் அமைந்த செல்வங்கள்.

அருஞ்சொற்பொருள்

பொருதும் – போரிடும்
சதங்கை – காலில் கட்டும் சிறுமணிக் கோவை
ஆசான் – ஆசிரியர்
விழுக்காடு – நூற்றுக்கு இவ்வளவு என்னும் கணக்கு

பயிற்சி

1. களரி என்னும் சொல் கேரளத்திலும் மட்டக்களப்பிலும் எவ்வெப்பொருளில் வழங்குகிறது?
2. அரங்கேற்றத்தின்போது சந்திரலேகாவின் உள்ளத்தில் எழுந்த வினா யாது? அது அவர் கலையை எவ்வாறு மாற்றியது?
3. பிரித்து எழுதுக: சிலம்பாட்டம், போர்க்கலை, வெறுங்கை.
4. 'வீசக் கற்பதோடு நிறுத்தவும் கற்க வேண்டும்' – இத்தொடரை விளக்கி ஐந்து வரிகள் எழுதுக.
5. உங்கள் வீட்டுப் பெரியோரிடம், அவர்தம் ஊர்த் திருவிழாவில் கண்ட ஆட்டம் ஒன்றைக் கேட்டறிந்து எழுதுக.