கொத்தில் எது இல்லை என்று பாருங்கள்

நுண்ணுயிர் ஒரு மருந்துப் பொருளைத் தயாரிக்கத் தேவையான மரபணுக்கள் பெரும்பாலும் அதன் டி.என்.ஏ.வில் அடுத்தடுத்து, ஒரே கொத்தாக இருக்கும். இரண்டு பாக்டீரியாக்களின் கொத்துகளை அருகருகே வைத்தால், அவற்றின் பொருள்கள் எங்கே வேறுபடும் என்று முன்கூட்டியே ஊகிக்கலாம்.

முதல் வேலை நல்ல ஜீனோம் வரிசை. இதில் சிக்கனம் பார்க்காதீர்கள். குறுந்துண்டுகளாகப் படித்தால், ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வரும், பாலிகீட்டைடு வகைப் பொருள்களைத் தயாரிக்கும் மரபணுக்கள் துண்டு துண்டாகிவிடும். பிறகு எது நிஜமாகவே இல்லை, எது வரிசையில் விட்டுப்போனது என்று சொல்ல முடியாது. நானோபோர் போன்ற நீளத்துண்டு முறையே நல்லது.

அந்த வரிசைக் கோப்பை ஆன்டிஸ்மாஷ் தளத்தில் ஏற்றுங்கள். இலவசம்தான். கொத்துகளை அடையாளம் கண்டு, மிபிக் தரவுத்தளத்தில் உள்ள அறிந்த கொத்துகளோடு ஒப்பிட்டுக் காட்டும். ஒற்றுமை அதிகம் என்று வந்ததும் ‘தெரிந்த சரக்குதான்’ என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். மாறுருக்கள் ஒளிந்திருப்பது அங்கேதான். ஜீனோம்கள் நிறைய இருந்தால் பிக்-ஸ்கேப் மென்பொருள் கொண்டு கொத்துகளைக் குடும்பங்களாகப் பிரியுங்கள். ஒரே குடும்பத்துக் கொத்துகளைக் கிளிங்கர் என்ற மென்பொருளில் வரைந்து பாருங்கள்.

இனிதான் கண்ணுக்கு வேலை. கடல் பாக்டீரியாவான சாலினிஸ்போரா ட்ராபிகா தரும் சாலினோஸ்போரமைடு ஏ, புற்றுநோய்ச் சோதனைகள் வரை போன பொருள். அதன் கொத்தில் ‘சால்-எல்’ என்ற மரபணு உண்டு. குளோரினைச் சேர்ப்பது அதன் நொதி. உறவுக்கார சாலினிஸ்போரா பசிஃபிகாவில் அதே கொத்து இருக்கிறது, ஆனால் குளோரின் ஏறிய துண்டைத் தயாரிக்கும் மரபணுக்கள் இல்லை. குளோரின் இல்லாத உறவுப்பொருள் இருக்க வேண்டுமே என்று தேடியதில், 2011-இல் சாலினோஸ்போரமைடு கே கிடைத்தது.

நீங்களும் ஊகத்தை எண்ணாக்குங்கள். குளோரின் இருந்த இடத்தில் ஹைட்ரஜன் என்றால் நிறை சுமார் 34 குறையும். குளோரின் உள்ள பொருளுக்கு நிறைமாலையில் 2 அலகு தள்ளி மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் துணை உச்சி தெரியும். அது மறைய வேண்டும்.

பிறகு வளர்ப்பு. சாலினிஸ்போராவுக்குக் கடல்நீர் ஊடகம் வேண்டும். ஒரே ஊடகத்தில் நிற்காதீர்கள், சில கொத்துகள் ஆய்வகத்தில் வாயே திறக்காது.

வளர்ப்பில் கிடைத்த பொருளின் நிறை ஊகத்தோடு பொருந்திவிட்டது என்பதற்காகப் பெயர் சூட்டிவிடாதீர்கள். என்.எம்.ஆர். ஆய்வு அமைப்பைக் காட்டட்டும், கொத்தின் மரபணுவை நீக்கியதும் அந்தப் பொருளின் உச்சி மறையட்டும்.