சுத்தமான இணைய முகவரி: நம்பிக்கைகளும் உண்மைகளும்

தமிழ் விக்கிப்பீடியாவில் சிந்தாதிரிப்பேட்டை கட்டுரையைத் திறந்து பாருங்கள். தளத்தின் பெயர், 'விக்கி' என்ற சொல், சாய்கோடு, ஊர்ப்பெயர். முகவரியில் இருப்பது அவ்வளவுதான். ஆனால் பக்கத்தைத் தயாரிப்பது 'இண்டெக்ஸ்.பிஎச்பி' என்ற நிரல். வாசகர் கேட்ட முகவரியை அந்த நிரலிடம் சேர்ப்பது சர்வரில் எழுதிவைத்த ரீரைட் விதி. சென்னை ரிச்சி தெருவின் சின்னக் கடைகூடத் தன் தளத்தில் இப்படிச் சுத்தமான முகவரி வைத்துக்கொள்ளலாம். அதற்கு முன் சில தவறான நம்பிக்கைகளைக் களைய வேண்டும்.

நம்பிக்கை: விதி எழுதினால் பக்கத்தில் உள்ள இணைப்புகள் தாமாக மாறிவிடும்.

உண்மை: மாறாது. சர்வருக்கு வரும் கோரிக்கையை மட்டுமே விதி கவனிக்கும். '/பொருள்/27' என்று வந்தால், உள்ளுக்குள் 'பொருள்.பிஎச்பி?எண்=27' என்று திருப்பிவிடும். இணைப்புகளை நாம்தான் புதிய வடிவில் எழுத வேண்டும். படங்களையும் சிஎஸ்எஸ் கோப்பையும் மறந்துவிடக் கூடாது. 'பொருள்' என்று ஒரு ஃபோல்டர் இருப்பதாக எண்ணி பிரவுசர் அவற்றை அங்கே தேடும். பக்கம் அலங்கோலமாக வரும். அவற்றின் முகவரியைச் சாய்கோட்டில் தொடங்கினால் சரியாகிவிடும்.

நம்பிக்கை: தமிழில் முகவரி வைத்தால் குழம்பிவிடும்.

உண்மை: தாராளமாக வைக்கலாம். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட். அனுப்பும்போது ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு 3 இடம் பிடிக்கும். துணைக் குறிகளையும் புள்ளிகளையும் தனித்தனியாக எண்ணினால் 'சிந்தாதிரிப்பேட்டை'யில் 18 குறியீடுகள். ஆக 162 இடங்கள். நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டும்போது நீளமான வால் தெரிவது இதனால்தான். முகவரியில் பழுது ஏதும் இல்லை. தலைப்பைச் சுருக்கமாக வைத்தால் வாலும் குறையும்.

நம்பிக்கை: முகவரியில் சொற்களை அடுக்கினால் கூகுளில் முதலிடம்.

உண்மை: முகவரியில் உள்ள சொற்களால் மட்டும் தரவரிசையில் பெரிய பலன் இல்லை என்று கூகுளே சொல்கிறது. முகவரியைப் படித்ததும் உள்ளே என்ன இருக்கிறது என்று வாசகருக்குத் தெரிய வேண்டும். அதற்காகத்தான் இந்த வேலை.

நம்பிக்கை: '.பிஎச்பி'யை மறைத்தால் தளம் பாதுகாப்பாகிவிடும்.

உண்மை: ஆகாது. '/பொருள்/27' முகவரியில் உள்ள 27 என்ற எண் இன்னும் நிரலுக்குத்தான் போகிறது. அதைச் சோதிக்காமல் டேட்டாபேஸுக்கு அனுப்பினால், ஊடுருவ வழி அப்படியே திறந்திருக்கும்.

நம்பிக்கை: விதிகளை 'ஹெச்டிஅக்சஸ்' கோப்பில் எழுதி வைத்தால் எந்தச் சர்வரிலும் வேலை செய்யும்.

உண்மை: அந்தக் கோப்பு அப்பாச்சி என்ற சர்வர் மென்பொருளுக்கு உரியது. ரீரைட் விதிகளை இயக்கும் அதன் 'மாட்_ரீரைட்' பகுதியை ரால்ஃப் எங்கல்ஷால் 1996இல் எழுதினார். என்ஜின்எக்ஸ் என்ற மற்றொரு சர்வர் மென்பொருள் 'ஹெச்டிஅக்சஸ்' கோப்பைப் படிப்பதே இல்லை. விதிகளை அதன் அமைப்புக் கோப்பில்தான் எழுத வேண்டும். அப்பாச்சியிலும் 'அலோஓவர்ரைட்' அனுமதி தராவிட்டால் அந்தக் கோப்பில் உள்ள விதி செல்லாது. முதன்மை அமைப்புக் கோப்பைத் திருத்த முடிந்தால் விதியை அங்கேயே எழுதி, அந்த அனுமதியை நிறுத்திவிடுங்கள். ஒவ்வொரு கோரிக்கைக்கும் 'ஹெச்டிஅக்சஸ்' கோப்பைத் தேடிப் படிக்கும் வேலை சர்வருக்கு மிச்சம்.

நம்பிக்கை: புதிய முகவரி வந்துவிட்டால் பழையதை விட்டுவிடலாம்.

உண்மை: இதுதான் அதிகச் சேதம் செய்யும் நம்பிக்கை. பழைய முகவரியை யாரோ சேமித்து வைத்திருப்பார். எங்கோ ஒரு கட்டுரை அதற்கு இணைப்புத் தந்திருக்கும். ஒருமுறை தந்த முகவரியை மாற்றக் கூடாது என்று வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1998இலேயே வலியுறுத்தினார். மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால், பழைய முகவரிகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றையும் 301 என்ற நிரந்தர மாற்றக் குறியோடு புதியதற்கு அனுப்புங்கள். பிறகு பட்டியலில் உள்ள எல்லாவற்றையும் ஒருமுறை திறந்து பாருங்கள். ஒன்றுகூட, பக்கம் இல்லை என்று சொல்லும் '404' குறியைக் காட்டக் கூடாது.