காஷ்மீரில் இருந்து வந்த கிழங்கு

நம் மையத்தில் படிக்கும் மாமி ஒருவரின் மகன் பட்டாளத்தில் இருக்கிறான். காஷ்மீரில் வேலை. போன ஓணத்துக்கு லீவில் வந்தபோது ஒரு காகிதப் பொட்டலம் கொண்டு வந்தான். உள்ளே நான்கு கிழங்கு இருந்தது. பார்த்தால் தடித்த இஞ்சி போல இருக்கும். தலையில் இலை. அந்த இலையையும் விசிறி போலக் குட்டையாக வெட்டி விட்டிருந்தார்கள்.

“இது ஐரிஸ் பூவு அம்மா. இது பூத்தா கறுப்பு மாதிரி இருக்கும். நம்ம ஊரில நீ கண்டிருக்க மாட்டே” என்றான் மகன்.

பொட்டலத்தில் ஒரு சீட்டும் எழுதி வைத்திருந்தான். மாமி அதை வகுப்புக்குக் கொண்டு வந்தார். எழுத்துக் கூட்டித் தானே வாசித்தார். ‘வெயில் படும் இடத்தில் வைக்கவும். தண்ணீர் தேங்கக் கூடாது. கிழங்கின் முதுகு மண்ணுக்கு வெளியே தெரிய வேண்டும்.’ எல்லோரும் கை தட்டினோம்.

ஆனால் கடைசி வரியை மாமி நம்பவில்லை. நாற்பது வருடம் இஞ்சியும் மஞ்சளும் நட்ட கை அது. கிழங்கை யாராவது மண் மூடாமல் வைப்பார்களா? பட்டாளத்துப் பையனுக்கு விவசாயம் என்ன தெரியும்? அடுக்களைப் புறத்தில், துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் குழி எடுத்தார். பச்சைச் சாணம் போட்டார். கிழங்கை வைத்து மூடினார். மேலே சருகு பரப்பினார். காலையும் மாலையும் தண்ணீர் விட்டார். இஞ்சிக்கு இதெல்லாம் சரிதான். குறை சொல்ல முடியாது.

ஐப்பசியில் துலா மழை பிடித்தது. இலை மஞ்சளானது. பிறகு சாய்ந்தது. மாமி தொட்டுப் பார்த்தார். கிழங்கு கூழாகிப் போயிருந்தது. கெட்ட நாற்றம் வேறு.

அந்த நேரம் பார்த்து வடக்கே வேலை செய்து வந்த ஒருவர் வேலியோரம் நின்று பேசினார். “இது காஷ்மீரில் கபறடியில் வைக்கிற செடியாச்சே. இதையா வீட்டில நட்டீங்க?”

அதோடு மாமியின் முகம் மாறிவிட்டது. மூன்று நாள் வகுப்புக்கு வரவில்லை. நான் வீட்டுக்குப் போனேன். “எனக்க மகன் அங்கே இருக்கான். கபறடிப் பூவு இங்கே அழுகிப் போச்சு. இது என்ன அர்த்தம் மக்களே?” என்று கேட்டார். மகனிடம் போனில் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் அவன் மனம் கலங்கும் என்று பயம்.

எனக்கு அப்போது பதில் தெரியவில்லை. நூலகத்தில் தேடிப் படித்தேன். தெரிந்தவர்களிடம் கேட்டேன். பிறகு மாமியிடம் சொன்னதைத்தான் இங்கே பாடமாக எழுதுகிறேன்.

அவர் சொன்னது பொய் இல்லை. காஷ்மீரில் முஸ்லிம்களின் கபறுகளில் ஐரிஸ் வைக்கும் வழக்கம் உண்டு. வெள்ளையும் இருக்கும், ஊதாவும் இருக்கும். சித்திரை, வைகாசியில் அந்த இடங்களெல்லாம் பூத்துக் கிடக்கும். இறந்து போனவர்களுக்கு மரியாதையாக நட்ட பூ அது. கபறடியில் தினமும் யார் தண்ணீர் ஊற்றுவார்கள்? ஊற்றாவிட்டாலும் இந்தச் செடி நிற்கும். பனி மூடினாலும் சாகாது. அதனால் அந்த இடத்துக்கு நல்ல பொருத்தம். வீட்டுத் தோட்டத்திலும் அதே செடியைத்தான் வைக்கிறார்கள். நாமும் செம்பருத்தியை வீட்டு முற்றத்தில் வைக்கிறோம், கல்லறைத் தோட்டத்திலும் வைக்கிறோம். செம்பருத்தியைக் கண்டு யாரும் பயப்படுவதில்லையே.

அப்படியானால் ஏன் அழுகியது?

ஐரிஸின் கிழங்கு உண்மையில் வேர் அல்ல. நிலத்தோடு படுத்து வளரும் தண்டு. இஞ்சியும் தண்டுதான். ஆனால் இரண்டின் குணம் வேறு. இஞ்சி ஈரத்தையும் நிழலையும் பொறுக்கும். ஐரிஸ் தண்டு வெயில் காய வேண்டும். ஆமை முதுகு காய்வது போல அதன் மேல்பக்கம் வெளியே தெரிய வேண்டும். வேர் மட்டும் மண்ணுக்குள் போகும். ஆழமாகப் புதைத்து ஈரமும் சேர்ந்தால், கண்ணுக்குத் தெரியாத கிருமி உள்ளே நுழைந்து தண்டைக் கூழாக்கும். அந்த நாற்றம் அதனால் வருவதுதான். பச்சைச் சாணம் போட்டது இன்னும் கேடு. உரம் மிஞ்சினால் தண்டு மெத்தென்று வளரும். மெத்தென்ற தண்டு சீக்கிரம் அழுகும். மகன் எழுதிய சீட்டில் எல்லாம் சரியாகவே இருந்தது.

இன்னொரு காரணம் நம் ஊரின் வானம். ஸ்ரீநகர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே வருடத்துக்குச் சுமார் 700 மில்லிமீட்டர் மழை. நம் திருவனந்தபுரம் பக்கத்தில் சுமார் 1,800 மில்லிமீட்டர். அதுவும் இடவப்பாதி ஒரு தடவை, துலாவர்ஷம் ஒரு தடவை என்று இரண்டு முறை ஊற்றும். தை மாதத்து இரவில் ஸ்ரீநகரில் குளிர் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே போகும். அந்தக் குளிரில் ஐரிஸ் தூங்கும். தூங்கி எழுந்தால்தான் நன்றாகப் பூக்கும். நம் திருப்புறத்தில் மார்கழியில்கூடப் போர்வை இல்லாமல் தூங்கலாம். செடிக்குத் தூக்கம் எங்கே வரும்?

ஆகவே ஒளிக்காமல் சொல்கிறேன். இங்கே எவ்வளவு பாடுபட்டாலும் இலை வரலாம், பூ வருவது அபூர்வம். ஊட்டி, கொடைக்கானல் போன்ற குளிர் மலையில் உறவினர் இருந்தால் அங்கே நட்டுப் பார்க்கலாம். வழியோரத்தில் யாராவது படத்தைக் காட்டி ‘கறுப்பு ஐரிஸ்’ என்று கிழங்கு விற்றால் பணத்தை மடியிலேயே வையுங்கள்.

கறுப்பு என்றேனே, அதையும் சொல்ல வேண்டும். உண்மையில் கறுப்புப் பூ கிடையாது. கறுப்பாகத் தெரியும் ஐரிஸை வெயிலுக்கு நேரே பிடித்தால் கத்தரிக்காய் நிறம் தெரியும். ஊதாச் சாயம் இதழில் அடர்ந்து கிடப்பதால் கறுப்பு போல் இருக்கிறது. அமெரிக்காவில் பலர் அடர்ந்த நிறச் செடிகளையே பொறுக்கி ஒன்றோடு ஒன்று மகரந்தம் சேர்த்தார்கள். விதை போட்டு, பூக்கும் வரை காத்திருந்து, மறுபடியும் பொறுக்கினார்கள். அப்படி 1960இல் ‘பிளாக் ஸ்வான்’ என்ற வகை வந்தது. கறுப்பு அன்னம் என்று அர்த்தம். 1992இல் ‘ஹலோ டார்க்னஸ்’ வந்தது. அது இன்னும் கறுப்பு.

பூவின் அமைப்பும் விசேஷம். மூன்று இதழ் மேலே நிமிர்ந்து நிற்கும். மூன்று இதழ் கீழே தொங்கும். தொங்கும் இதழின் நடுவில் கம்பளிப்புழு ஒட்டியது போல ரோமம் இருக்கும். அதைத்தான் தாடி என்பார்கள். தேனீ அந்தத் தாடியைப் பார்த்துத் தேன் இருக்கும் வழியைக் கண்டுபிடிக்கும்.

மாமியின் நான்கு கிழங்கில் மூன்று போய்விட்டது. ஒன்றில் பாதி கெட்டியாக இருந்தது. நானும் மாமியும் சேர்ந்து அழுகிய பாகத்தைக் கத்தியால் சுரண்டி எடுத்தோம். கத்தியைக் கொதிநீரில் கழுவினோம். மீதியை இரண்டு நாள் காய வைத்தோம். முற்றத்தில் நல்ல வெயில் விழும் மூலையில் மண்ணை ஒரு முழம் உயர்த்தினோம். மணலும் உடைந்த ஓட்டுத் துண்டும் கலந்தோம். கிழங்கைப் படுக்க வைத்து, வேரை மட்டும் மூடினோம். மாமிக்குக் கை வரவில்லை. இரண்டு தரம் மண்ணை அள்ளி மேலே போடப் பார்த்தார். நான் பிடித்துக்கொண்டேன்.

இதைச் செய்யும்போது ஒரு எச்சரிக்கை. ஐரிஸ் கிழங்கு இஞ்சி போல இருந்தாலும் தின்னக் கூடாது. இலையைப் பார்த்தால் வசம்பு மாதிரியும் இருக்கும். வசம்பு என்று நினைத்து உரசிக் குழந்தை நாக்கில் தடவிவிடாதீர்கள். வாய் எரியும், வாந்தி வரும். ஆட்டையும் பக்கத்தில் விட வேண்டாம்.

இப்போது அதில் ஏழு இலை நிற்கிறது. பூ இல்லை. மாமி ஒரு ஞாயிற்றுக்கிழமை மகனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். கபறடிக் கதையையும் சொன்னார். அவன் சிரித்தானாம். “எங்க காம்ப் வாசலிலயும் அதுதான் அம்மா நிக்குது” என்றானாம்.

அடர்ந்த நிறப் பூ வேண்டும் என்ற ஆசை மட்டும் மாமிக்குப் போகவில்லை. அதற்கு நம் வேலியிலேயே வழி இருக்கிறது. அதுதான் சங்குபுஷ்பம். காக்கட்டான் என்றும் சொல்வோம். வெள்ளையும் நீலமும் உண்டு. நீலத்திலும் நல்ல கருநீலப் பூ பூக்கும் கொடியைப் பார்த்து, அதன் முற்றிய காயில் இருந்து விதை எடுங்கள். ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊற வைத்து மறுநாள் நடுங்கள். படர ஒரு கம்பு போதும். பயறு இனம் என்பதால் மண்ணுக்கும் சத்து சேர்க்கும். இதற்கும் தண்ணீர் தேங்கினால் பிடிக்காது, ஆனால் நம் மழையைத் தாங்கும். ஐரிஸை ஊதாவாக்கும் சாயமும் சங்குபுஷ்பத்தை நீலமாக்கும் சாயமும் ஒரே குடும்பம்தான்.

ஐரிஸ் இனத்திலேயே நம் சூட்டைத் தாங்கும் செடி ஒன்றும் உண்டு. நர்சரியில் பிளாக்பெர்ரி லில்லி என்பார்கள். இலை விசிறி போல விரியும். ஆரஞ்சுப் பூவில் சிவப்புப் புள்ளி இருக்கும். ஒரு பூ ஒரு நாள்தான். காய் வெடித்தால் கருமணி கோர்த்தது போல விதை தெரியும். பூ கறுப்பு இல்லாவிட்டாலும் விதை கறுப்பு என்று மாமி அதிலும் இரண்டு வாங்கி வைத்தார்.

செய்து பாருங்கள்: பத்து சங்குபுஷ்பத்தைச் சூடான தண்ணீரில் போட்டு வையுங்கள். தண்ணீர் என்ன நிறம் ஆகிறது? அதில் பாதியை வேறு டம்ளரில் ஊற்றி, எலுமிச்சம்பழம் பிழியுங்கள். இப்போது என்ன நிறம்? இரண்டையும் நோட்டில் எழுதி வாருங்கள்.