முதல் பணம் மவுண்ட்டுக்கு



டெலஸ்கோப் வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது, "எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும்?" என்பதைத்தான். வானத்தைப் படம் எடுப்பவர் கேட்க வேண்டியது வேறு: கருவியைத் தாங்கி நிற்கும் இந்த மவுண்ட் எவ்வளவு எடை தாங்கும், வானத்தோடு சீராகத் திரும்புமா?

1880 செப்டம்பர் 30 அன்று நியூயார்க் மாநிலத்தில் ஹென்றி டிரேப்பர் ஓரியன் நெபுலாவை முதன்முதலாகப் படம்பிடித்தார். 11 அங்குல டெலஸ்கோப், 51 நிமிட எக்ஸ்போஷர். அவ்வளவு நேரமும் ஒரு கடிகாரப் பொறி டெலஸ்கோப்பை நட்சத்திரங்களின் பின்னாலேயே நகர்த்திக்கொண்டிருந்தது.

பூமி மணிக்கு 15 டிகிரி சுழல்கிறது. சாதாரண முக்காலியில் 50 எம்எம் லென்ஸ் என்றால், 500-ஐ லென்ஸின் எம்எம் அளவான 50-ஆல் வகுக்கும் நடைமுறைக் கணக்கில் வரும் 10 விநாடிதான் எல்லை. அதைத் தாண்டினால் நட்சத்திரம் கோடாக இழுபடும். இது ஃபுல் பிரேம் கேமராவின் கணக்கு. சென்சார் சிறியதானால் ஆறேழு விநாடிதான்.

கையிலிருக்கும் கேமராவே போதும்; குறை முக்காலியில்தான். ஆகவே கேமராவை வானத்தோடு திருப்பும் சிறு மவுண்ட்டான ஒரு நல்ல டிராக்கர் வாங்குங்கள். அது தாங்கும் என்று சொல்லப்படும் எடையில் பாதியோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அதன் அச்சு துருவ நட்சத்திரத்தை ஒட்டியிருக்கும் வான்துருவத்தை நோக்கி நிற்க வேண்டும். சென்னையில் துருவம் அடிவானத்துக்கு மேல் 13 டிகிரிதான், கன்னியாகுமரியில் 8. பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியே மறைத்துவிடும். மொட்டை மாடியில் வடக்கு திறந்திருக்கும் மூலையாகப் பாருங்கள்.

ஆட்டோ ஃபோகஸை அணைத்துவிடுங்கள். லைவ் வியூவில் பிரகாசமான ஒரு நட்சத்திரத்தைப் பெரிதாக்கி, லென்ஸின் முன் பாஹ்டினோவ் மாஸ்க் என்ற, வரிவரியாகத் திறப்புகள் உள்ள மூடியைப் பொருத்தினால் மூன்று ஒளிக்கோடுகள் தெரியும். நடுக்கோடு மற்ற இரண்டும் வெட்டும் புள்ளி வழியே சரியாகப் போகும்போது ஃபோகஸ் வந்துவிட்டது. மாஸ்க்கைக் கழற்ற மறந்துவிடாதீர்கள்.

நகர வெளிச்சத்தில் ஒரே நீண்ட எக்ஸ்போஷர் வெளிறிப்போகும். 30 விநாடிப் படங்கள் 64 எடுத்து ஒன்றாக அடுக்கினால், அதாவது ஸ்டாக் செய்தால், இரைச்சல் எட்டில் ஒரு பங்காகக் குறையும். அதற்கான மென்பொருள்களில் சிரில், டீப்ஸ்கைஸ்டேக்கர் இரண்டும் இலவசம். லென்ஸை மூடி, அதே எக்ஸ்போஷரில் சில டார்க் பிரேம்களும் எடுத்து வையுங்கள்.

டெலஸ்கோப்புக்குப் பணம் சேரும்வரை 135 எம்எம் லென்ஸில் செய்ய நிறைய இருக்கிறது. மே மாத இரவுகளில் ஒமேகா சென்டாரி நட்சத்திரக் கொத்து சென்னையின் தென்வானில் ஏறக்குறைய 30 டிகிரி உயரம் வரை வரும். லண்டன்காரர்களுக்கு அது உதிப்பதே இல்லை. இங்கே இருந்துகொண்டு அதை விட்டுவிடாதீர்கள்.