‘அத்துவிட்டாச்சு’ என்றால் விவாகரத்து ஆகிவிடுமா?

விவாகரத்து வழக்குக்கு வக்கீல் தேடுகிறவர்களில் பலர் உண்மையில் வக்கீலைத் தேடுவதில்லை. சித்தப்பாவும் எதிர்வீட்டுக்காரரும் ஏற்கெனவே சொல்லிவைத்த சட்டத்துக்கு “ஆமாம், அப்படித்தான்” என்று தலையாட்டும் ஒருவரைத் தேடுகிறார்கள். அப்படி ஒருவர் கிடைத்தும் விடுகிறார். அதனால் வக்கீலுக்குப் போவதற்கு முன் அந்தச் சித்தப்பா சட்டங்களைக் கொஞ்சம் பார்த்துவிடுவது நல்லது. இங்கே பேசுவது பெரும்பாலும் 1955-ம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்தைப் பற்றி. தமிழ்நாட்டில் 1967 திருத்தத்தின் வழியே சுயமரியாதைத் திருமணமும் இதற்குள் அடங்கும். கிறிஸ்தவர்கள், முஸ்லிம்கள், சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிவு செய்தவர்கள் ஆகியோருக்குச் சட்டம் வேறு.

“ஊர்ப் பெரியவங்க முன்னாடி அத்துவிட்டாச்சு. ஸ்டாம்ப் பேப்பர்லயும் எழுதி வாங்கியாச்சு.”

இந்தப் பத்திரங்கள் ஏறக்குறைய ஒரே அச்சில்தான் இருக்கும். தாலியைத் திருப்பிக் கொடுத்தது, நகை, பாத்திரம், கட்டில், பீரோ கைமாறியது, ‘இன்று முதல் ஒருவர் வாழ்க்கையில் மற்றவர் தலையிட மாட்டோம்’ என்ற உறுதிமொழி, நான்கு சாட்சிகள், கடைசியில் நோட்டரி முத்திரை. பார்க்க அரசாங்கக் காகிதம் மாதிரியே இருக்கும். ஆனால் அது திருமணத்தை ரத்து செய்யாது. அதற்கு நீதிமன்றத் தீர்ப்பு வேண்டும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. ஒரு சமூகத்தில் தீர்த்துவிடும் வழக்கம் தொன்றுதொட்டு இருந்து வந்தால், 29-ம் பிரிவு அதை ஏற்கிறது. ஆனால் வழக்கம் இருக்கிறது என்று சொல்கிறவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். “எங்க சாதியில அப்படித்தான் சார்” என்பது நிரூபணம் ஆகாது.

பத்திரத்தை நம்பி மறுமணம் செய்துகொள்ளும்போதுதான் விபரீதம் ஆரம்பிக்கிறது. முதல் திருமணம் உயிரோடு இருக்க, இரண்டாவது செல்லாது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 82-ம் பிரிவின்படி 7 ஆண்டுவரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமும்கூட. பிறக்கும் குழந்தைகளுக்கு இந்துத் திருமணச் சட்டத்தின் 16-ம் பிரிவு சட்டபூர்வத் தகுதி தருகிறது. இரண்டாவதாக வந்த பெண்ணுக்கு மனைவி என்ற இடத்தைத் தருவதில்லை. கணவர் இறந்த பிறகு வாரிசுச் சான்றிதழுக்கும் குடும்ப ஓய்வூதியத்துக்கும் அலையும்போதுதான் பல பெண்களுக்கு இது தெரியவருகிறது.

பத்து வருஷம் பிரிந்திருந்தால் தானாக ரத்தாகிவிடும் என்பதும் இதே வகைதான். 2 ஆண்டு கைவிட்டுப் போனது விவாகரத்து கேட்க ஒரு காரணம், அவ்வளவே. மனு போட வேண்டும், நிரூபிக்க வேண்டும். ‘இனி ஒட்டாது’ என்ற ஒரே காரணத்துக்காகத் திருமணத்தை முறிக்கும் அதிகாரம் குடும்பநல நீதிமன்றத்துக்கு இல்லை. அரசியல் சட்டத்தின் 142-வது பிரிவைக் கொண்டு உச்ச நீதிமன்றம் அதைச் செய்ய முடியும் என்று 2023-ல் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்னது.

“நோட்டீஸ் வந்தா வாங்காதே. வாங்கலைன்னா கேஸ் நகராது.”

கேட்பவரை இவ்வளவு சேதப்படுத்தும் இலவச ஆலோசனை வேறு எதுவும் இல்லை. தபால்காரர் உறையின் மேல் ‘பெற மறுத்தார்’ என்று எழுதித் திருப்பி அனுப்புகிறார். சம்மன் சேர்ந்துவிட்டதாகவே நீதிமன்றம் அதை எடுத்துக்கொள்ளலாம். வாய்தா அன்று டவாலி பெயரைக் கூப்பிடுகிறார், ஆள் இல்லை. வழக்கு எக்ஸ்பார்ட்டி ஆகிறது. எதிர்த்தரப்பு சொன்னதை மறுக்க யாருமில்லாமல் தீர்ப்பும் வந்துவிடுகிறது. அதை ரத்து செய்யச் சொல்லி 30 நாளுக்குள் மனு போடலாம். தாமதித்தால் ஒவ்வொரு நாளுக்கும் காரணம் சொல்ல வேண்டியிருக்கும். சம்மனைக் கையெழுத்துப் போட்டு வாங்குவதால் நீங்கள் எதையும் ஒப்புக்கொண்டதாக ஆகாது. எதிராளி என்ன எழுதியிருக்கிறார் என்று படிக்கக் கிடைக்கும்.

“மியூச்சுவல்னா ஒரே மாசம்.”

பரஸ்பர சம்மத விவாகரத்துக்கு மனு போடும்போதே ஒரு வருஷம் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். ஒரே வீட்டில் இருந்துகொண்டு கணவன் மனைவியாக வாழாததும் பிரிவுதான். மனு போட்டபின் 6 மாதம் காத்திருந்து இருவரும் மீண்டும் வந்து உறுதிசெய்ய வேண்டும். இந்த 6 மாதத்தைத் தள்ளுபடி செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் சொன்னது உண்மை. ஆனால் அதற்குள் ஒன்றரை வருஷம் பிரிந்திருக்க வேண்டும், சமரசம் தோற்றிருக்க வேண்டும், ஜீவனாம்சமும் குழந்தைப் பொறுப்பும் பேசி முடிந்திருக்க வேண்டும். கேட்டதும் கிடைக்கிற சலுகை இல்லை.

இன்னொன்று: தீர்ப்பு வரும்வரை இருவரில் ஒருவர் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். எனவே முதல் கையெழுத்தன்றே முழுப் பணத்தையும் கொடுத்துவிடாதீர்கள். பணமே வாங்காமல் கடைசிக் கையெழுத்தையும் போட்டுவிடாதீர்கள். எந்தத் தொகை எந்த நாளில் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுவது இரு தரப்புக்கும் பாதுகாப்பு.

“பொண்டாட்டிக்குப் பாதி சொத்து போயிடும்.”

போகாது. கணவன் சொத்தில் பாதியைக் கொடு என்று நம் விவாகரத்துச் சட்டத்தில் எங்கும் இல்லை. சினிமாவிலும் அமெரிக்கச் செய்திகளிலும் பார்த்த பயம் இது. இங்கே இருப்பது ஜீவனாம்சம். அதுவும் இருவர் வருமானம், சொத்து, செலவு, வாழ்ந்த வாழ்க்கைத்தரம் எல்லாவற்றையும் பார்த்து நீதிமன்றம் நிர்ணயிப்பது. இருவரும் சொத்து, கடன் விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் கட்டாயமாக்கியது. வேலைக்குப் போகும் பெண் என்பதாலேயே உரிமை போய்விடாது. வருமானம் இல்லாத கணவனும் இந்தச் சட்டத்தின் 24, 25-ம் பிரிவுகளில் கேட்கலாம். பிறந்த வீட்டிலிருந்து வந்த நகையும் சீரும் ஜீவனாம்சக் கணக்கில் சேராது. அது பெண்ணுடைய சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1985-லேயே தெளிவாக்கிவிட்டது. கல்யாணத்தன்று எடுத்த புகைப்படமும் நகைக்கடை ரசீதும் இங்கே சாட்சி. தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

“அஞ்சு வயசு முடிஞ்சா பிள்ளை அப்பாவுக்குத்தான்.”

ஐந்து வயது நிறையாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்பதுதான் சட்டம். அதற்காக ஐந்தாவது பிறந்தநாளன்று யாரும் வந்து தூக்கிக்கொண்டு போக முடியாது. குழந்தையின் நலன்தான் அளவுகோல். விவரம் தெரிந்த வயது என்றால் நீதிபதி பிள்ளையையே கேட்பார்.

“டைவர்ஸ் ஸ்பெஷலிஸ்ட் ஒருத்தர் இருக்கார், ஜெயிச்சா பர்சன்டேஜ் கொடுத்தா போதும்.”

இந்த ஒரு வரியில் இரண்டு தவறுகள். வக்கீல்கள் விளம்பரம் செய்வதை பார் கவுன்சில் விதி தடுக்கிறது. ஆன்லைனில் வக்கீல் சேவையைக் கடைச்சரக்கு போல விற்பதை 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்தது. ஜெயித்தால் பங்கு என்ற ஃபீஸ் ஏற்பாட்டுக்கும் தடை உண்டு. ஜீவனாம்சத்தில் பங்கு கேட்பவர் உங்களுக்கு வக்கீல் இல்லை, கூட்டாளி.

குடும்ப வழக்கு தினமும் நடத்துகிற வக்கீலை அடையாளம் காண எளிய வழி, உங்கள் ஊர் குடும்பநல நீதிமன்ற வராண்டாவில் ஒரு காலைப்பொழுது நிற்பது. யார் தானே ஆஜராகிறார், யார் ஜூனியரை அனுப்பி வாய்தா வாங்குகிறார் என்பது தெரிந்துவிடும். அலுவலகத்தில் கேட்க வேண்டியவையும் அதிகமில்லை. மொத்த ஃபீஸ் எவ்வளவு, வாய்தாவுக்குத் தனியா, வராத நாளில் யார் வருவார், மனுவைத் தாக்கல் செய்யுமுன் எனக்குப் படிக்கத் தருவீர்களா? கடைசிக் கேள்விக்கு முகம் சுளிப்பவரைத் தவிர்த்துவிடுங்கள். உங்கள் கையெழுத்தோடு போகிற மனுவில் நடக்காத அடிதடி எழுதப்பட்டிருந்தால், குறுக்கு விசாரணையில் கூண்டில் நிற்கப்போவது நீங்கள்.

வழக்கு போட்டதும் 16 எழுத்து, எண் கொண்ட சிஎன்ஆர் நம்பரைக் கேட்டு வாங்குங்கள். இ-கோர்ட்ஸ் செயலியில் அதைப் போட்டால் அடுத்த வாய்தா தேதி தெரியும். குமாஸ்தாவின் போனுக்குக் காத்திருக்க வேண்டாம். வக்கீலை இடையில் மாற்றவும் உரிமை உண்டு. ஃபீஸ் பாக்கி என்று சொல்லி அவர் ஃபைலைப் பிடித்துவைக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2000-ல் தீர்ப்பளித்திருக்கிறது.

கையில் பணமில்லை என்று புகுந்த வீட்டு அடியைப் பொறுத்துக்கொண்டிருக்கும் பெண்களிடம் இதை அவசியம் சொல்லுங்கள்: மனைவி தான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், கணவன் ஊருக்கு ஓட வேண்டியதில்லை. சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு இலவச வக்கீல் உண்டு, அதற்கு வருமான வரம்பு கிடையாது. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அலுவலகம் இருக்கிறது. போனில் கேட்க 15100.